அந்தோனியார் மூன்று பேர்

இன்று காலை நீ என்னைத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னாய்.

உப்புக்காற்று தின்று தின்று நம் பழைய லப்டொப் விடியவே மூச்சை விட்டுவிட்டது. வங்காலை மீனவர் சங்க அறையில் புதியதை வைத்துக்கொண்டு மென்பொருள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினேன். வெளியே தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாகப் பிடித்துவிட்டது, அப்பா கடலில். படகு எங்கே நிற்கிறது என்று, அவற்றில் நாம் பூட்டிய சிறு பெட்டிகள் அனுப்பும் செய்தியை வாங்கிக் காட்ட இந்த ஒரு கணினிதான். நீ எழுதிவைத்த நிறுவல் நிரலை ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் உன் முதல் வரி வந்தது: "இது இறங்க நேரம் எடுக்கும். தேத்தண்ணி குடிச்சிட்டு வா. கத்தாத."

கத்தாதயாம்! ஆள் போயும் அதட்டல் போகவில்லை.

முருங்கன் கணினி வகுப்பில் நாம் சேர்ந்தபோது உன் வீட்டுக்குக் கரண்டு வந்து கொஞ்ச நாள்தான். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பிய உன் வீட்டார் தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு பற்றை வெட்டி வயலைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்போது பாதிக் கூரைதான். நீ வயல்காரி, கடலில் கால் நனைக்கவே பயந்தவள். அப்படிப்பட்ட நீ, அப்பாவின் எஞ்சின் நடுக்கடலில் நின்று, போனுக்குச் சிக்னலும் இல்லாமல், ஆள் எங்கே என்று தெரியாமல் நாங்கள் தவித்த அன்று பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் மணலில் குந்தியிருந்தாய். பொழுதுபட வேறொரு படகு அவரை இழுத்து வந்தது. நாங்கள் எல்லோரும் அழுதோம். நீ யோசித்துக்கொண்டிருந்தாய்.

"போன் இல்லாட்டியும் ரேடியோ அலையில செய்தி அனுப்பலாமடி. அதுக்கு மென்பொருள் சும்மா கிடக்கு. ஆரும் எடுக்கலாம், ஆரும் திருத்தலாம்," என்றாய்.

சும்மா கிடந்தது உண்மைதான். அதைக் கணினியில் ஏற்றுவது லேசுப்பட்ட வேலையா? ஒன்றைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும். அந்த இன்னொன்று, பழைய பதிப்போடு இருக்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பும். கலியாண வீட்டில் மாமன்மாரைச் சமாளிப்பது போலத்தான். எல்லாரையும் ஒருவழியாக இருத்தி முடிக்கிற நேரம் கரண்டு போகும். நான் கீபோட்டில் குத்துவேன். நீயோ, வழி முழுவதையும் ஒரே நிரலாக எழுதிவிட்டால் அடுத்த முறை அதுவே போய்ச் சேரும் என்று பொறுமையாக எழுதினாய். ஒவ்வொரு படியிலும் எனக்கென்று ஒரு வரி வேறு. ஊர் உலகத்தில் யாராவது இதை எடுத்து ஓட்டினால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். அவர்களும் தேத்தண்ணி குடிக்கட்டும் என்றாய்.

முதல் செய்தி வந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளாது. சங்கக் கூரையில் அன்ரனாவைக் கட்டிவிட்டு நான் பெட்டியோடு கரையில் நின்றேன். நீ அறையிலிருந்து செருப்பும் போடாமல் சுடுமணலில் ஓடிவந்தாய். "வந்திட்டுதடி!" கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் பெட்டி மணலில் விழுந்தது. விழுந்தும் அனுப்பிக்கொண்டுதான் கிடந்தது.

பிறகு மூன்று படகுகளில் பூட்டினோம். சரிவந்தால் மற்றப் படகுகளுக்கும் பூட்டலாம் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். முதல் நாளே திரையில் ஒரு படகுதான் தெரிந்தது. அப்பாவுடையதைக் காணவில்லை. நீ என் கையைப் பிடித்த பிடியில் உன் நகம் பதிந்துவிட்டது. பார்த்தால் மனிதர் சிரித்துக்கொண்டு கரையேறுகிறார், பெட்டியில் விளக்கும் மின்னுகிறது! ஆராய்ந்தபோதுதான் விளங்கியது. பெட்டிகளுக்குப் படகின் பெயரையே அடையாளமாகக் கொடுத்திருந்தோம். மூன்று படகும் அந்தோனியார். கணினி ஒருவரை ஏற்றுக்கொண்டு, அதே பெயரில் வந்த மற்ற இரண்டு பேரையும் கள்ளர் என்று தள்ளிவிட்டது.

"உங்கட ஊரில வேற புனிதர் ஒருத்தரும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாய். சங்கத்து ஆட்களும் சிரித்ததில் திருத்திக் காட்ட நமக்கு இன்னொரு தவணை கிடைத்தது.

அதற்கடுத்த மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. எனக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இன்று உன் நிரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. புதிய கணினிக்கு அதிலிருந்த ஒரு மென்பொருளின் பழைய பதிப்பு பிடிக்கவில்லை. காற்றோ கூரைத் தகரத்தை அடிக்கிறது. கத்தினேன், ஓம், நன்றாகவே கத்தினேன். பிறகு நீ செய்வதுபோல மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துப் பிழையைப் பிடித்தேன். மறுபடி ஓடியது. பெட்டிகளைச் சேர்க்கும் இடத்தில் நீ மறுபடி வந்தாய்: "பேர் போடாத. பெட்டியின்ர இலக்கத்தைப் போடு. அந்தோனியார் எத்தினை பேர் எண்டு உனக்குத் தெரியும்." அறையில் தனியாக இருந்து சிரித்தேன், கண்ணும் நிரம்பிவிட்டது.

படகுகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. அப்பாவுடையதைக் காணவில்லை. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கடைசியாக அவருடைய இலக்கமும் வந்தது, கரையை நோக்கித் திரும்பிய படகாக.

அதன் கீழே உன் கடைசி வரி: "எல்லாம் ஓடினா எனக்குச் சொல்லு."

முன்பெல்லாம் இந்த வரி வந்ததும் உனக்குப் போன் எடுப்பேன். இன்றும் கை தன்பாட்டில் போனை எடுத்துவிட்டது. உன் இலக்கம் அதில் அப்படியே இருக்கிறது. போனைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓடுதடி. எல்லாரும் தெரியினம். அப்பா கரைக்கு வாறார். நான் தேத்தண்ணி குடிக்கப் போறன்.