காத்தாடி நின்னப்ப

ஜூன் 18, செவ்வாய்
பேத்தி அர்ச்சனா மேல பள்ளிக்கூடத்துல மறுபடி கம்ப்ளைண்ட். எழுதிகினே இருக்கிறவ திடீர்னு சுவத்த பாத்துகினு உக்காந்துடறாளாம். கூப்டா திரும்ப மாட்றாளாம். அப்பால ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுதறாளாம். "நடிக்கிறா"ன்னு டீச்சர் சொல்லிச்சாம். மருமவ ஜமுனா என்னிய மொறைக்கிறா — "எல்லாம் நீ குடுத்த ட்ரெய்னிங் மாமா."
ஊர ஏமாத்தி வெளாடறதுல நானு பேர் போனவன். உள்ளுக்குள்ள பெருமதான். எட்டு வயசுல டீச்சருக்கே டிமிக்கி!

ஜூன் 22
நண்டுன்னா அர்ச்சனாவுக்கு ஆவாது, ஊரக் கூட்டுவா. இன்னிக்கு சோறு துன்னுகினே சுவத்த பாத்து உக்காந்துட்டா. வேஷத்த கலைக்கலாம்னு, ஏரியில புடிச்சி கொடுக்கு கட்டுன நண்டு ஒண்ண மடியில வுட்டேன்.
கத்தல. கண்ணு கூட ஆடல. நண்டு பாவாட மேல ஏறுது.
எடுத்து வீசிட்டேன். கொஞ்ச நேரத்துல "இன்னா தாத்தா, என்னிய அப்படி பாக்கற?"ங்கறா.
இது நடிப்பில்ல.

ஜூன் 23
ஜமுனா கிட்ட சொன்னேன். "இதுவும் உன் வெளாட்டா மாமா?" என் பேச்ச எவன் நம்புவான்?

ஜூன் 25
நானே அர்ச்சனாவ கூட்டிகினு போனேன். பொன்னேரி டாக்டரு நம்பனாரு. மெட்ராசுல தலைக்கு ஒயர் ஒட்டி மூளை அலைய பாப்பாங்களாம். முழிச்சிருக்கும்போதும், தூங்கும்போதும். தலைக்கு எண்ண வெக்கக் கூடாது, மொத நாள் ராத்திரி கம்மியா தூங்கணும்.

ஜூலை 2
இருட்டோட எழுப்பி பஸ்ஸு, ரயிலு, ஜமுனாவும் கூட. வழியில அவள தூங்க வுடாம வம்பு பண்றது என் வேல. எனக்குன்னே செஞ்ச வேல!
அங்க ஆஸ்பத்திரியில ஷாலினின்னு ஒரு பொண்ணு, ஒயர் ஒட்றது அதோட வேல. "கரண்டு உள்ள வுடுவியாம்மா?"ன்னேன். "இல்ல தாத்தா. பாப்பா மூளைல நடக்குறத கோடா காட்டும், அவ்ளோதான்." தல பூரா அளந்து, பசை தடவி, ஒயர் ஒயரா ஒட்டுச்சி. கையா அது! பூ வெக்கிற மாதிரி.
அப்பால குச்சியில சுத்துற காத்தாடி ஒண்ணு குடுத்து ஊதச் சொல்லிச்சி, இழுத்து இழுத்து ஊதுனா அது வந்துடுமாம். ஊதறா, ஊதறா, சுத்துது — நின்னுடுச்சி. அர்ச்சனா சுவத்த பாக்கறா. கம்ப்யூட்டர்ல ஏரித்தண்ணி மாதிரி சிலுசிலுன்னு இருந்த கோடெல்லாம் ஒண்ணா மலையாட்டம் ஏறி எறங்குது. அடங்குச்சி. காத்தாடி மறுபடி சுத்துச்சி. அவளுக்கு ஒண்ணுமே தெரியல.
"நடிக்கல மாமா"ன்னா ஜமுனா. அழுவுறா.
"இப்ப தூங்கணும். தாத்தா, வாய மூடுங்க"ன்னுச்சி ஷாலினி. என் வாய அடக்குன மொத ஆளு! அர்ச்சனா தூங்கிட்டா. கோடு பெருசு பெருசா, மெதுவா போவுது. தூங்கற கொழந்த தலைக்குள்ள இத்தினி நடக்குதா! கண்ணெடுக்காம பாத்துகினு நின்னேன்.

ஜூலை 9
வலிப்புல ஒரு வகைன்னாரு டாக்டரு. கை கால் இழுக்காதாம், நெனப்பு மட்டும் கொஞ்ச நேரம் போயி வருமாம். மாத்திர குடுத்தாரு. ஏரியில தனியா எறங்கக் கூடாது. ஜமுனா தானே போயி டீச்சர் கிட்ட சொல்லிட்டு வந்தா.

ஆகஸ்ட் 14
மாத்திர ஒழுங்கா போவுது. சுவத்த பாக்கல.

செப்டம்பர் 29, ஞாயிறு
சோறு துன்னும்போது மறுபடி சுவத்த பாத்து உக்காந்துட்டா. வலிப்பு திரும்பிடுச்சா? கூப்டேன், திரும்பல. கூடையிலேந்து ஒரு நண்ட எடுத்து மடி கிட்ட கொண்டு போனேன்.
"அய்யோ தாத்தா, வேணாம்!" ஒரே குதி, வாசல்ல நிக்கிறா. தெருவே எட்டிப் பாத்துச்சி. அப்பால வயித்த புடிச்சிகினு சிரிக்கிறா: "ஏமாந்துட்டியா?"
ஏமாந்துட்டேன்டி. இப்படி ஏமாந்து எத்தினி நாளாச்சி!
நண்டு கீழ வுழுந்து எங்கியோ ஓடிடுச்சி. ஜமுனா என்னிய திட்டிகினே தேடறா.