நான் குறை சொன்ன ஊர்

2025 மே 3, சனி

கிழிசல் சாக்கு எண்ணூறு வந்தது. தையலுக்குப் போட்டாயிற்று.

ஈவாஞ்சலினுக்கு நாசரேத் பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. பதினோரு வருடம் காத்திருந்தாள். சந்தோஷந்தான். ஆனால் அங்கேயே வீடு பிடித்து, எங்கள் பிள்ளைகள் பெவினையும் ஜெப்ஸியையும் அங்கேயே சேர்த்துவிடப் போகிறாளாம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"இந்த ஊர்ல பிள்ளைகளுக்கு என்ன இருக்கு? உப்பும் லாரியுந்தான். நீங்களும் சாக்குக் கடையே கதின்னு கெடக்கீங்க" என்றாள். பிள்ளைகளையும் கேட்டு மாதக் கடைசிக்குள் முடிவு சொல்வாள்.

கடையைப் பற்றிச் சொன்னது உண்மை. ஊரைப் பற்றிச் சொன்னது இல்லை. இருபத்தேழு வருடமாகக் கிழிந்த சாக்கை விற்றவன், இந்த ஊரை என் பிள்ளைகளிடம் விற்க மாட்டேனா?

மே 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளோடு ஓடைக்கரை நடைபாதைக்குப் போனேன். கடல் வரைக்கும் நடை. கல் பதித்ததில் வாட்டம் தப்பு, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்று காட்டினேன். கம்பிக்கு ஒரு கோட் பெயிண்ட்தான், ஆறு மாதம் தாங்காது. பெஞ்சுக்குச் சாய்மானம் போதாது. இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தார்கள். நல்ல ஆரம்பம்.

மே 7, புதன்

மறுபடியும் ஓடைக்கரை. கொக்கு ஏழு. ஜெப்ஸி எட்டு என்கிறாள்.

மே 10, சனி

பழைய பஞ்சு குடோனுக்குப் போனோம். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததைத் திறந்து, பஞ்சுப் பொதி அடுக்கிய இடத்தில் புத்தக அலமாரி, பிள்ளைகள் ஏறி விளையாடக் கயிற்று வலை, ஒரு டீக்கடை என்று மாற்றியிருக்கிறார்கள். பத்தொன்பது வயதில் நான் முதல்முதலாகச் சாக்கு ஏலம் எடுத்தது இந்த வாசலில்தான். வாசல் நிலையைத் தடவிப் பார்த்தேன். பிறகு கூரைத் தகடு பழசு, அலமாரி தேக்கில்லை, டீ விலை அநியாயம் என்று சொன்னேன்.

மூட்டை நிறுக்கும் தராசு மட்டும் அப்படியே இருக்கிறது. ஜெப்ஸி பதினேழரைக் கிலோ. பெவின் இருபத்தெட்டு. நான் ஏறிவிட்டு, தராசு கூட்டிக் காட்டுகிறது என்றேன்.

"ஒங்களுக்கு மட்டுமாப்பா?" என்கிறான். பத்து வயதுக்கு இந்த வாய்.

மே 17, சனி

தப்பாகிவிட்டது.

சாப்பிடும்போது ஈவாஞ்சலின் பிள்ளைகளிடம் கேட்டாள், இங்கேயா நாசரேத்தா என்று. பெவின் யோசிக்கவே இல்லை. "அப்பாவே சொல்லுதாங்கம்மா, இந்த ஊர்ல ஒண்ணுமே சரியில்லன்னு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் குழம்பைப் பார்த்தேன். "நான் எப்போலே அப்படிச் சொன்னேன்?" என்றேன். ஆனால் சொல்லியிருக்கிறேன். கல், கம்பி, கூரை, டீ... எல்லாம் எனக்குப் பிடித்துத்தானே இருந்தது? பிறகு ஏன் இந்த வாய் இப்படிப் பேசிற்று?

மே 19, திங்கள்

கடை மேஸ்திரி செந்தூர்பாண்டியிடம் சொன்னேன். சாக்குக் கட்டின் மேல் சாய்ந்து சிரிக்கிறான். "அண்ணாச்சி, நீங்க வாங்கப் போன சரக்கப் பாக்குத மாதிரில்லா ஊரப் பாத்திருக்கீங்க."

அதேதான். எடுக்க நினைக்கிறவன் குறை சொல்வான். புகழ்கிறவன் அடுத்த கடைக்குப் போகப்போகிறவன். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். பெண் பார்க்கப் போன இடத்திலும் காப்பியில் சீனி அதிகம் என்று சொல்லித் தொலைத்தேன். மாமனார் எழுந்தே விட்டார்.

மே 24, சனி

குடோன் படியில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் இதை விளக்கினேன். பிடித்ததைத்தான் அப்பா குறை சொல்வேன், வேண்டாததைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவேன் என்றேன். ஜெப்ஸி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அதான் என்னய தெனமும் வையுதீங்களா?"

ஆமாம் என்றேன். மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மே 28, புதன்

நாசரேத்தில் வீடு பார்க்கப் போனோம். காற்று, வெளிச்சம், பின்னால் கொய்யா மரம். குறை சொல்ல எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜெப்ஸி வீட்டுக்கார ஜெயபாய் அம்மாளிடம் போய் நின்றாள். "ஒங்க வீடு சூப்பர் ஆன்ட்டி. கதவு சூப்பர். கொய்யா மரம் சூப்பர்." பெவினும் ஒவ்வொரு அறையாகப் போய்ப் புகழ்ந்தான். அந்த அம்மாளுக்கு ஒரே பூரிப்பு. நான் பெவினைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஈவாஞ்சலின் அந்தப் புகழ்ச்சிக்குக் காரணம் கேட்டாள். இரண்டும் போட்டி போட்டுச் சொல்லின. ஆறுமுகநேரி வரைக்கும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்புத்தான்.

மே 31, சனி

அவளும் ஓடைக்கரைக்கு வந்தாள். கடல் வரை போய்த் திரும்பினோம். பிறகு சொன்னாள்: "கல்லு கோணல். வெளக்கு ஒண்ணு விட்டு ஒண்ணுதான் எரியுது. அந்த டீக்கடையில இஞ்சி போதாது."

நான் பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

"நாசரேத்துக்குத் தெனமும் பஸ்ல போய்ட்டு வாரேன். ஆனா நீங்க அஞ்சு மணிக்குக் கடையப் பூட்டணும். காலைச் சாப்பாடும் ஒங்க பொறுப்பு."

ஆறு மணி என்று இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நல்ல வியாபாரி.

ஜூன் 2, திங்கள்

காலை நாசரேத் பஸ்ஸில் ஒருத்தியை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன். இட்லி கல்லாகிவிட்டது. பெவின் ஒரு வாய் தின்றுவிட்டு, "இட்லி அருமைப்பா" என்று தட்டைத் தள்ளி வைத்தான்.

ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டினேன். செந்தூர்பாண்டி கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

ஓடைக்கரையில் கொக்கு எட்டுதான். இன்றைக்கு நின்று எண்ணினேன்.