வடகடலுக்குப் போகட்டுமா என்று கேட்டாய்

சேசு மரி சூசை துணை

ஏற்காடு,
3-5-1987

அன்பு மகள் அமலிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நம் பழைய அம்பாசடரும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் குளிருக்கு அடக்கமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதம் குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சீசன் தொடங்கிவிட்டது, டாக்சிக்கு ஓய்வே இல்லை என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் அது பொய். பயத்தில்தான் எழுதவில்லை கண்ணு. நார்வே தேசத்துக் கடலோரமாக வடக்கே போகிற கப்பலில் இந்த லீவுக்குப் போகட்டுமா, நீங்கள் சரி என்று எழுதினால்தான் டிக்கெட் எடுப்பேன் என்று கேட்டிருந்தாய். சரி என்று எழுதக் கை வரவில்லை, வேண்டாம் என்று எழுத மனம் வரவில்லை. இதை முழுவதும் படி, பதில் கடைசியில்தான் இருக்கிறது. கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற உன் புத்தி எனக்குத் தெரியும், இதில் அப்படிச் செய்யாதே.

இங்கே மாசி மழை ஏய்த்துவிட்டது, தாமதமாகப் பெய்த மழைக்குத்தான் காப்பி பூத்தது, எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் இந்த வருடம் மகசூல் பாதிதான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார். உன் அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்த்தால்தானே குறையும், அதைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து வாசம் காட்டுகிறாள். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. அதற்கு உன் பெயரை வைக்கலாம் என்றாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

உன் கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கப்பல் நிற்கிற பெரிய ஊர்களில் எல்லாரும் இறங்கிப் பார்ப்பதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை, டூரிஸ்ட் யாரும் இறங்காத ஒரு சின்ன மீன்பிடி ஊரில் தனியாக இறங்கித் தங்கி, பிறகு வருகிற கப்பலில் ஏறிக்கொள்வேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்தே, பின்னால் வருகிற கப்பல் வராவிட்டால் பிள்ளை என்ன செய்யும் என்றாள். வாழவந்தி பஸ்ஸே மழை பிடித்தால் பாதி வழியில் திரும்பிவிடுகிறது, கப்பலை யார் கேட்பது என்றும் சொன்னாள். அங்கே அந்த மாதத்தில் பொழுதே சாயாது என்று நீ சந்தோஷமாக எழுதியிருந்தாய், அவளுக்கு அதுவும் பெரிய கவலையாகிவிட்டது. இருட்டே வராத ஊரில் எந்த நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

என் பயம் வேறு மாதிரி. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நான் டூரிஸ்ட்டுகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவன். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று காட்டி முடித்ததும் பத்துப் பேரில் ஒருவர் என் தோளைத் தட்டி, யாரும் போகாத இடமாகக் காட்டுப்பா என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே நான் வண்டியைத் திருப்பப் பார்ப்பேன். போன மாதம்கூட மெட்ராஸ் பையன் ஒருவன் கரடியூர் வியூ பாயிண்டில் போட்டோ எடுக்கிறேன் என்று பாறையைத் தாண்டி இறங்கினான், கால் வழுக்கி உண்ணிச்செடிப் புதரில் போய் மாட்டிக்கொண்டான், அந்தப் புதர் இல்லையென்றால் கீழே ஒன்றும் இல்லை. நானும் இன்னொரு டிரைவரும் கயிறு போட்டுத் தூக்கினோம். மேலே வந்ததும் அவன் சட்டையைத் தட்டிக்கொண்டு சிரித்தான், நான்தான் நெடுநேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது என் மகளே டூரிஸ்ட்டாகி, என் மகளே யார் தோளையோ தட்டி அப்படிக் கேட்கப் போகிறாள் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது. அந்த ஊரில் உண்ணிச்செடிகூட முளைக்காதாமே.

ஆனாலும் வேண்டாம் என்று நானே எழுதினால், அப்பாதான் கெடுத்தார் என்று காலத்துக்கும் நீ நினைப்பாய். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். உன் அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது என்று உனக்குத் தெரியும், அவளை நம் ஏரியில் படகில் ஏற்றினால் போதும், பயந்துபோய் அவளே வேண்டாம் என்றுவிடுவாள், அதை நான் உனக்கு எழுதிவிடலாம். வேடிக்கையைப் பார், டூரிஸ்ட் போகாத இடமாகப் பார்த்துப் போக வேண்டும் என்கிறாய் நீ, டூரிஸ்ட் போகிற இடத்துக்கே உன் அம்மா போனதில்லை. ஆயுசு முழுக்க எஸ்டேட்டிலிருந்து வீடு, வீட்டிலிருந்து கோயில், நடுவில் ஏரிக்கரை ரோடு, அவ்வளவுதான். உன்னோடு படித்த ஏசுராஜ் இப்போது போட் ஹவுஸில் துடுப்புப் படகு ஓட்டுகிறான். போன புதன்கிழமை மத்தியானம் மழை விட்டதும் அவளைக் கூட்டிப் போனேன். ஏறும்போதே ஜெபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், காரியம் பலித்தது என்று.

நடு ஏரிக்குப் போயிருப்போம், சேர்வராயன் கோயில் பக்கமிருந்து பனி இறங்கியது. நீ பார்க்காத பனியா, ஆனால் தண்ணீருக்கு மேல் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்ததில்லையே. கரை போனது, மரம் போனது, ஏசுராஜ் கையில் இருந்த துடுப்பின் நுனிகூடப் போனது. காலால் மிதிக்கிற படகுகள் சுற்றிலும் இருக்கின்றன, முட்டினால் கவிழ்ந்துவிடும், யாரும் அசையாதீர்கள் என்று சொல்லி அவன் துடுப்பை மேலே தூக்கிவிட்டான். பக்கத்தில் எங்கேயோ ஒரு டூரிஸ்ட் குழந்தை வீறிட்டு அழுகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது, மலையில் பிறந்தவனுக்கு நீச்சல் யார் சொல்லிக் கொடுத்தார்கள். கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காதபோதுகூட நான் இப்படி நடுங்கியதில்லை. உன் அம்மாவைப் பயமுறுத்தப் போனவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போது உன் அம்மா குரல் கொடுத்தாள். காப்பிப் பழம் பறிக்கையில் பனி மூடினால் நிரையில் நிற்கிற பெண்கள் இழுத்துக் குரல் கொடுப்பார்களே, கேட்டவள் திருப்பிக் கொடுக்காமல் அடுத்த செடிக்குப் போகக் கூடாது என்பார்களே, அதே குரல். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை, குழந்தையின் அழுகைதான் கேட்டது. மூன்றாவது தடவை, தூரத்தில் பதில் வந்தது. யார் என்று நினைக்கிறாய், கரையில் கொய்யாப்பழம் விற்கிற குப்பாயி. முன்பு உன் அம்மாவோடு ஒரே நிரையில் பறித்தவள். இவள் கூப்பிட, அவள் கூப்பிட, அந்தக் குரல் வந்த பக்கமாக ஏசுராஜ் மெல்ல மெல்லத் தள்ளினான், அழுத குழந்தையின் படகும் எங்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டது. கரையில் குப்பாயி எங்களைப் பார்த்து, அட நீங்களாக்கும் என்று வாயைப் பிளந்தாள்.

கரையில் இறங்கும்போது உன் அம்மாவின் சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது, டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறவிட்டு மெதுவாக, சரி, பிள்ளைக்கு வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். அவள் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, ஆருன்னு தெரிஞ்சுங்களா குப்பாயி கொரல் குடுத்தா? அங்கயும் அப்புடி ஒருத்தி இருப்பாளுங்க. நம்ம ஊர ஏரிக்குள்ள இருந்து நா இன்னிக்குத்தான் பாத்தனுங்க, நொம்ப அழகாத்தான் இருக்குது. புள்ள போகட்டும்."

நான் விரித்த வலையில் நானே விழுந்தேன். இதை எழுதும்போதும் என் பயம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை, அவள் பங்கும் சேர்ந்து என் தலையில்தான் ஏறியிருக்கிறது. ஆனாலும் இரண்டு பேர் சேர்ந்து பெற்ற பிள்ளைக்கு ஒருத்தன் மட்டும் தடை போட முடியாது. அதனால் சரி, சாமி. டிக்கெட் எடு. போய் வா.

ஆனால் அந்த மெட்ராஸ் பையன் மாதிரி பயமில்லாமல் போகாதே. இத்தனை வருஷம் ஓட்டியும் நான் இன்னும் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்கிறேன், பயந்த டிரைவர்தான் வீடு வந்து சேருகிறான். சின்ன ஊரில் இறங்கியதும் ஊரைப் பார்க்கிற ஆசையில் ஓடாமல், முதலில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, நான் இன்னார், இந்தப் பக்கம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நட. அமலோற்பவம் என்கிற உன் முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையாது, அமலி என்று சொல்லிக் கொடு, கூப்பிட வேண்டி வந்தால் கூப்பிடட்டும். கப்பலில் கம்பி ஓரமாக நிற்காதே. கம்பளிச் சட்டை இரண்டு எடுத்துக்கொள், ஒன்று நனைந்தால் ஒன்று வேண்டும். பொழுது சாயாவிட்டாலும் ராத்திரி ஆனால் ராத்திரிதான், கடிகாரத்தைப் பார்த்துப் படு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை அந்த ஊரில் கிடைக்காவிட்டால் ஜெபமாலையாவது சொல். உன் நெற்றியில் சிலுவை போட்டு அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். வானதூதர்களான சம்மனசுகள் உனக்கு முன்னும் பின்னும் நடக்கட்டும்.

மறக்காமல் ஒன்று செய். திரும்பி வந்து கப்பலைவிட்டு இறங்கியதும், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன், கரை சேர்ந்தேன் என்று ஒரு தந்தி கொடு. உன் அம்மா இப்போதே நிம்மதியாகத் தூங்குகிறாள், அவளுக்காக இல்லை, எனக்காகக் கொடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துப் பயந்துகொண்டே சரி என்று எழுதும் அப்பா,
சிங்கராயர்