கட்டைக்கு ஒரு சொல்

மார்ச் 4

அன்பு வாண்டுவுக்கு,

நான் நலம். உன் அத்தையும் நலம், அதாவது என்னைத் திட்டும் அளவுக்கு நலம். போனை விட்டுவிட்டு மாமன் எதற்குக் காகிதத்தைக் கையில் எடுத்தான் என்று யோசிப்பாய். டாக்டர் என் பேச்சுக்கு ரேஷன் போட்டுவிட்டார். சந்தையில் ஏலம் விடக் கூடாது, வீட்டிலும் வாயைத் திறக்கக் கூடாது. நான் இல்லாமல் தக்காளிக் கூடைகள் அழுவதாகக் கேள்வி.

தொண்டையில் ஒரு சின்னக் கட்டி. பட்டாணி அளவுதான். குழாயில் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர் அப்படியே அசந்துபோனார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு குரல்வளையைப் பார்த்ததில்லைங்க" என்று பக்கத்து அறை டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருவர் இரண்டு தடவை பார்த்தார். கடைசியில், குரல்வளையோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்த பிறகு குரல் இருக்காதாம். போகிற போக்கில் சொல்கிறேன், நீ கண்ணைக் கசக்காதே.

அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். கல்யாணக் கச்சேரியில் வாசிக்கும் ஒருவரிடமிருந்து மிடி கீபோர்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கட்டைக்கு ஒரு சொல். என் குரலைப் பதிவு செய்து வெட்டி, துண்டு துண்டாக ஒவ்வொரு கட்டையிலும் தைத்துவிட்டால் போதும். ஒரு விரலை வைத்தால் 'ஒரு தரம்', அடுத்த விரலுக்கு 'ரெண்டு தரம்'. நான் மகாராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டே சந்தையை நடத்துவேன். இதுவரை எவனும் செய்யாதது.

ஒரே ஒரு சிக்கல். ஒலி வெட்டும் மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் ஏற்றினேன். என் குரல் திரையில் மலைத்தொடர் மாதிரி எழும்பி நிற்கிறது, கண்கொள்ளாக் காட்சி. ஆனால் கட்டையை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை. நீதான் நாள் முழுக்க அடுத்தவர் குரலை வெட்டிச் சம்பாதிக்கிறாயே, எதை ஏற்ற வேண்டும் என்று எழுது.

டாக்டர் உடனே வந்து படுக்கச் சொல்கிறார். அவருக்கென்ன, சொல்வார். மென்பொருள் சரியாகாமல் நான் படுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சந்தைச் சிங்கம், உன் மாமா

---

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அத்தைக்குப் போன் செய்தேன். பட்டாணி இல்லையாம், நெல்லிக்காயாம். டாக்டர்கள் வரிசையில் நின்றது மட்டும் உண்மையாம், ஆனால் அசந்துபோய் இல்லையாம். அதோடு அத்தை போனை வைத்துவிட்டார்.

முதலில் உங்கள் சந்தேகம். மிடி கீபோர்டுக்குள் ஓசையே கிடையாது மாமா. எந்தக் கட்டையை, எவ்வளவு பலமாக அழுத்தினீர்கள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான். குரல் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் ஏற்றியிருப்பது வெட்டவும் ஒட்டவும் மட்டும் தெரிந்தது, கீபோர்டு சொல்வது அதன் காதில் விழாது. இரண்டும் தெரிந்த ஒன்றைப் பென் டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதில் சாம்ப்ளர் என்று ஒரு பகுதி இருக்கும். வெட்டிய துண்டை எந்தக் கட்டையில் மாட்ட வேண்டுமோ, அதன்மேல் இழுத்து விட்டால் போதும்.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கத்தாதீர்கள். திரையில் சிவப்பு விளக்கு எரிந்தால் குரல் உடைந்து பதிவாகும், அதை யாராலும் ஒட்ட முடியாது.

ஒரு மதியத்தில் முடிகிற வேலை இது. முடித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
வாண்டு

---

மார்ச் 14

அன்பு வாண்டுவுக்கு,

நீ அனுப்பியதை ஏற்றினேன். கட்டையை அழுத்தினேன். 'ஒரு தரம்' என்று என் குரல் எழுந்தது பார், கீழ் வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாக மாடிப்படி ஏறி ஓடி வந்துவிட்டார். "அண்ணே, உங்களைப் பேசக் கூடாதுன்னாங்களே" என்று கேட்டார். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு இன்னொரு கட்டையை அழுத்தினேன். மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் இது சரிப்படாது. கட்டையை அழுத்தி அரை மூச்சு கழித்துத்தான் குரல் வருகிறது. ஏலத்தில் அரை மூச்சு என்றால் சும்மாவா? அதற்குள் கூட்டம் கலைந்துவிடும். திரை வேறு கன்னங்கரேலென்று இருக்கிறது. கச்சேரிக்காரர் இன்னொரு மென்பொருள் சொன்னார். அதையும் ஏற்றிப் பார்த்தேன், அதற்குக் கீபோர்டின் பெயரே தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்று, பூட்டிய வீடு மாதிரி திறக்கவே மாட்டேன் என்கிறது. வெளிர் நிறத் திரையோடு, அழுத்தியதும் பேசுகிற ஒன்றாகப் பார்த்து அனுப்பு. அவசரமில்லை, பொறுமையாகத் தேடு.

ஆபரேஷனுக்கு டாக்டர் கொடுத்த தேதி போய்விட்டது. அடுத்து ஒன்று கொடுத்தார், அதுவும் போய்விட்டது. தேதிக்கா பஞ்சம்.

காலையில் பல் தேய்க்கும்போது எச்சிலில் கொஞ்சம் சிவப்பு. பீட்ரூட் தின்றிருப்பேன். பீட்ரூட்டே வாங்கவில்லை என்கிறாள் உன் அத்தை. வாங்கியிருப்பாள், மறந்திருப்பாள்.

இதுவரை பதிவு செய்ததையெல்லாம் பென் டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கேட்டுப் பார்த்து மாமனை மெச்சு.

இப்படிக்கு,
சந்தைச் சிங்கம்

---

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

அரை மூச்சுத் தாமதத்துக்கு மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. ஒலி அமைப்புப் பக்கத்தில் பஃபர் என்று ஓர் எண் இருக்கும், அதைக் குறையுங்கள். கன்னங்கரேல் திரையை வெளிராக்கவும் அதே பக்கத்தில் வழி இருக்கிறது.

நீங்கள் அனுப்பியதை வேலையிடத்தில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். புத்தகம் வாசிப்பவர்களின் இருமலையும் மூச்சையும் வெட்டி எடுப்பதுதான் என் வேலை. உங்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்கிறது மாமா. முதல் சொல்லில் மெல்லியதாக, கடைசிச் சொல்லில் கதவிடுக்கில் காற்று நுழைவது மாதிரி. என்னால் வெட்ட முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரி "என்னடி, முகம் இப்படி வெளுத்துப் போச்சு" என்றாள்.

எண்கள் எல்லாம் இருக்கின்றன. காய்களின் பெயர் எல்லாம் இருக்கிறது. வியாபாரிகளைக் கிண்டல் செய்யவே ஏழெட்டுக் கட்டைகள் ஒதுக்கியிருக்கிறீர்கள். 'ஒரு தரம்' இருக்கிறது. 'ரெண்டு தரம்' இருக்கிறது. 'மூணு தரம்' மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் உங்கள் மடியில் உட்கார்ந்து, இல்லாத வெங்காயத்தை ஏலம் விட்டு விளையாடினேன். நான் 'மூணு' என்று எடுத்ததும் என் வாயைப் பொத்தினீர்கள். எதிரில் சரக்கு இல்லாமல் காலித் தரையைப் பார்த்து மூன்றாம் தரம் சொன்னால், சொன்னவன் கதை அத்தோடு முடிந்தது என்பது உங்கள் சந்தையில் எல்லோரும் நம்புகிற விஷயம். அதைச் சொல்ல உங்களுக்குப் பயம். அது இல்லாமல் ஏலம் முடியாது, ஏலம் முடியாமல் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டீர்கள். எந்த மென்பொருள் அனுப்பினாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பீர்கள்.

இனி ஒன்றும் அனுப்ப மாட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கும்வரை கடிதமும் போட மாட்டேன். என்மேல் கோபம் வரட்டும். உங்கள் குரல் என் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு நீங்கள் வேண்டும்.

வாண்டு

---

மார்ச் 22

வாண்டுவுக்கு,

மாமனையே கடிக்கும் அளவுக்குப் பல் முளைத்துவிட்டது உனக்கு.

பயமா? எனக்கா? பிரேக் பிடிக்காத லாரி சந்தைக்குள் நுழைந்தபோது எதிரே நின்று போட்ட சத்தத்தில் அதை நிறுத்தியவன் நான். வண்டியிலிருந்த பூசணிக்காயெல்லாம் விரிசல் விட்டது. கேட்டுப் பார், சாட்சி இருக்கிறது.

நீ சொன்ன எண்ணைக் குறைத்தேன். இப்போது அழுத்தியதும் பேசுகிறது. அதனால் என்ன, இடையிடையே கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது. அது கீபோர்டா, லேப்டாப்பா, நானா என்று தெரியவில்லை.

பதில் போடு.

மாமா

---

மார்ச் 27

அன்பு வாண்டுவுக்கு,

நீ பதில் போடவில்லை. பிடிவாதத்தில் என் அக்காவை உரித்து வைத்திருக்கிறாய்.

நேற்று மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். எதிரில் தரையில் ஒரு கூடை கத்தரிக்காயை வைத்துக்கொண்டேன், காலித் தரை என்ற பேச்சே வேண்டாம் என்று. 'மூணு' என்று வாயைத் திறந்தேன். காற்று உள்ளே போகவில்லை. வெளியேயும் வரவில்லை. கத்தரிக்காய் பக்கத்தில் நான் கிடந்தேன். உன் அத்தை போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும், ஏலம் விட அவளைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். தையல்காரர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். என் எடைக்கு அவர் திணறினார் என்று எழுத ஆசை. திணறவில்லை. நான் அவ்வளவு இளைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். பிராணவாயு வைத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவார்கள். எழுத்து கோணுவதைப் பார்த்துச் சிரிக்காதே. ஆமாம், பயம்தான். லாரி நின்றது டிரைவர் பிரேக் போட்டதால்.

கீபோர்டு வீட்டில் கிடக்கிறது. மூன்றாம் தரம் இல்லாமலே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காலையிலிருந்து மெல்லிய குரலில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். நர்ஸிடம் சந்தைக் கதை, பெருக்க வந்த அம்மாவிடம் உன் கதை. பக்கத்துக் கட்டில்காரர் தூங்குவது மாதிரி நடித்தார். மிச்சமிருப்பதையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி.

உன் அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். ஊரிடமெல்லாம் பேசியாயிற்று, இவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். மூச்சு தாராளமாகத்தான் இருந்தது, சொல்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

"என்ன?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

"தெரியும்" என்றாள். "போயிட்டு வாங்க."

தள்ளுவண்டி வந்துவிட்டது.

மாமா