பதிவேட்டில் நீ எழுதிய சாவு

தம்பிக்கு,

அன்புள்ள என்று போட என் கை வரவில்லை.

பேத்தி நேற்று பேப்பர் வாசித்தாள். நாட்டில் விஷத்தால் சாகிறவர்களில் தானாகக் குடித்தவர்கள்தான் அதிகமாம். தெரியாமல் குடித்தவர்கள் அடுத்து. பாம்பு கடித்தவர்கள் அதற்கும் கீழே. பிறர் கொடுத்துச் செத்தவர்களுக்குக் கடைசியில் ஒரே ஒரு வரியாம். எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னை மாதிரி ஆஸ்பத்திரி குமாஸ்தாக்கள் எழுதின கணக்குதானே அது!

நம் தங்கச்சியைக் கடைசியாகக் குளிப்பாட்டியது நான். முன்பல் இரண்டு உடைந்திருந்தது. உதடு கிழிந்து தொங்கியது. தாடையில் அவள் புருஷனின் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தது. தானாகக் குடிக்கிறவள் தம்ளரால் தன் பல்லையா உடைப்பாள்? எல்லாம் பார்த்துவிட்டுத்தான் நீ பதிவேட்டில் ‘தானாகக் குடித்தது’ என்று எழுதினாய்.

“செத்தவ செத்துட்டா. அவங்களோட வம்பு வேண்டாம், வாயை மூடுக்கா” என்றாய்.

“அவ வாயைத்தான் மூட விடலையேடா, பாவி” என்றேன். முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொல் மறக்கவில்லை.

அவள் புருஷனும் செத்துத் தொலைந்தான், விடு. தங்கச்சி மகள்தான் இன்றைக்கும் கேட்கிறாள்: “என்னை விட்டுட்டுப் போக அம்மாவுக்கு எப்படிப் பெரியம்மா மனசு வந்துச்சு?” நான் உண்மையைச் சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்கிறாள். எழுதினவன் சொன்னால் நம்புவாள்.

நீ சாகும்முன் என்னைப் பார்க்க வேண்டுமென்று ஆள் அனுப்பியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை அவளோடு வருகிறேன். உன் வாயால் அவளிடம் சொல். மாட்டேன் என்றால், எங்கே பிடித்தால் வாய் திறக்கும் என்று அந்த ஐந்து விரல் தடம் எனக்குக் காட்டியிருக்கிறது.

உன் அக்கா