மேடையில் கொடுத்த செருப்பு

அன்பு அக்காவுக்கு,

ஏழைப் பிள்ளைகளுக்கென்று எங்கள் பள்ளிக்குத் தனி நிதி வந்தது. விறகை மண்மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவரின் மகள் மாரீஸ்வரிக்குப் புதுச் செருப்பும் பையும் வாங்கினேன். காலை வழிபாட்டில் மேடையேற்றிக் கொடுத்து, போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

நேற்று நரிக்குடி தாண்டி மூட்டத்துக்கே போனேன். புகைக்குள் வெறுங்காலோடு கரி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்புட்டுப் பேரு முன்னாலயும் நிக்க வச்சுட்டீகளே டீச்சர். இனி போகமாட்டேங்குறா," என்ற அவள் அம்மா, செருப்பை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இந்த வருஷமும் கண்மாய் நிறையவில்லை.

எட்டாம் வகுப்பில் உனக்கு மேடையில் இலவசச் சீருடை கொடுத்தார்கள். அதோடு நீ பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அன்று முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன், அக்கா.

அதே தங்கை