கல்யாண வீடியோவில் உன் கண்கள்

இப்பவும் நான் வாய் தவறிக் கூப்பிட்டுவிடுகிற என் நைனாவுக்கு,

வீட்டுக்குப் புது டிவி வந்திருக்குது. நான் வேலை பார்க்கிற கடையிலிருந்துதான் எடுத்தேன். தங்கச்சி செல்வி கல்யாணத்தில் மாமா பையன் அவன் போனில் எடுத்த வீடியோ ஞாபகம் இருக்குதா? அது எச்டிஆர் வீடியோ. வெயிலும் நிழலும் நேரில் பார்ப்பது போலவே அதில் பதிவாகும், ஆனால் அதைக் காட்டத் தெரிந்த டிவி வேண்டும். பழைய டிவியில் போட்டால் சாயம் போன துணி மாதிரி எல்லாமே வெளுத்துக் கிடக்கும். அம்மா உன்னை நல்லாப் பார்க்கட்டும் என்றுதான் வாங்கினேன். வேறொன்றும் நினைக்கவில்லை நைனா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டேன். மண்டபத்து வாசலும் பின்னால் ராஜகிரிக் கோட்டை மலையும் தெரிந்தன. பாறையில் விழுந்த வெயிலில் நிஜமாகவே கண் கூசியது. செல்வியின் கூறைப்புடவைச் சிவப்பைப் பார்த்து அம்மா ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். அடுத்து நீ வந்தாய். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். தளவானூர் சம்பந்திகளைக் கைகூப்பி உள்ளே அழைத்துக்கொண்டிருந்தாய்.

"நிறுத்துடா," என்றாள் அம்மா. "உங்க நைனா கண்ணைப் பாரு. இன்னாடா இப்டி மஞ்சளா இருக்குது?"

படத்தை நிறுத்தினேன்.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து, அறுப்பு மிஷின் ஓட்டப் போன வயலிலேயே நீ சுருண்டு விழுந்தாய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர், "கண்ணு எப்பலேர்ந்து மஞ்சளா இருக்குது?" என்று கேட்டார். அம்மாதான் பதில் சொன்னாள்: "இந்த வாரம்தான் சார்." கணையத்தில் கட்டி என்றார்கள். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்று அவர் சொன்ன வார்த்தை அவளை இன்றுவரை தூங்கவிடவில்லை. இப்போது அதற்கெல்லாம் முந்தைய ஒரு நாள், சுவர் அகலத்துக்கு, அவள் முன்னால் நின்றது.

"அது டிவி செட்டிங்மா. சினிமா மோடுல எல்லாமே கொஞ்சம் மஞ்சளடிக்கும்," என்றேன். ரிமோட்டை எடுத்து, கடையில் ஆளை இழுக்க நாங்கள் வைக்கிற பளபள மோடுக்கு மாற்றினேன். உன் கண்ணில் இருந்த மஞ்சள் மங்கிப்போனது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். "அப்போ வேட்டி ஏன்டா நீலமா இருக்குது? முன்ன இருந்தாப்ல வையி."

வைத்தேன். வேட்டி வெள்ளையாக இருந்தது. சட்டையும் வெள்ளை. கண் மட்டும்தான் மஞ்சள்.

"நான் தெனம் எதிர்ல நின்னு சோறு போட்டேனேடா, பாக்கலயே," என்று அழுதபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்தில் போகும் அவசரத்தில் நான் ரிமோட்டை அழுத்திவிட்டேன். நிறுத்தி வைத்த வீடியோ மறுபடி ஓடத் தொடங்கியது. அதில் போன் உன் பக்கம் வரும்போதெல்லாம் நீ முகத்தைத் திருப்பினாய். ஒரு தடவை குனிந்து செருப்பைத் தேடினாய். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாய்.

அம்மா அழுகையை நிறுத்தினாள். "அந்தக் கண்ணாடி... அறுப்புத் தூசு கண்ணுல வுழுந்துடுச்சின்னு சொன்னாரே. வூட்டுக்குள்ளகூட கழட்டலயே." என் பக்கம் திரும்பினாள். "அவருக்குத் தெரிஞ்சிருக்குதுடா."

உனக்குத் தெரியுமா நைனா? தினமும் கண்ணாடி பார்த்துத்தானே சவரம் செய்வாய்? ஆஸ்பத்திரிக்குப் போனால் கல்யாணம் தள்ளிப்போகும், சம்பந்தி வீட்டில் பேச்சு வரும் என்று பயந்தாயா? சரி, கல்யாணம்தான் முடிந்ததே. அதற்கப்புறமும் ஏன் சொல்லவில்லை? சாதாரண மஞ்சக்காமாலை, தானாகப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டாயா?

அதே டாக்டருக்குப் போன் போட்டேன். அப்பவே வந்திருந்தா பொழச்சிருப்பாரா சார் என்று கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதுப்பா," என்றார். அவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதி வந்திருக்குமா? அதுவும் தெரியவில்லை.

இரண்டு நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் கடையிலிருந்து வரும்போது அவளே டிவியைப் போட்டு, உன் முகத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். "என்கிட்டகூட சொல்லக் கூடாதா? நான் இன்னா யாரோவா உங்களுக்கு?" என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். நீ போன நாளிலிருந்து அவள் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். உன்னைத் திட்டி அன்றைக்குத்தான் கேட்டேன். அப்புறம் எழுந்துபோய் சோறு போட்டுக்கொண்டு வந்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் செல்வி வருகிறாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். "அண்ணா, புது டிவில என் கல்யாண வீடியோ பாக்கணும்," என்று போனில் ஒரே சந்தோஷம். "அவளுக்குத் தெரிய வேணாம்டா, வயித்துப் புள்ளக்காரி," என்கிறாள் அம்மா. தன் கல்யாணத்துக்காகத்தான் நைனா வாயைத் திறக்கவில்லை என்று தெரிந்தால் அவள் தாங்குவாளா? யாரைக் கேட்பேன்?

யோசித்துப் பார்த்துவிட்டேன் நைனா. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிற வரைக்கும் வீடியோவைப் போட மாட்டேன், ஏதாவது சாக்குச் சொல்வேன். அதற்கப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் என் வாயால் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். இந்தக் கடிதத்தையும் அவள் படித்த பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டுவேன். நம்ம வீட்டில் ஒருத்தர் மறைத்தது போதும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் மேல் கோபம் தீராத,
உன் மூத்த பிள்ளை
முருகன், செஞ்சி